அப்பாவை யாரும் எடை போடுவதில்லை

"அம்மா குண்டா இருந்தா, வயித்துல இருக்கும்போதே புள்ளையோட உடம்பு அப்படி செட் ஆயிடும்." யூட்யூபில் இதைக் கேட்டிருப்பீங்க. நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் இதையே கொஞ்சம் இஸ்திரி போட்ட தமிழில் படித்திருப்பீங்க: "தாயின் எடை, குழந்தையின் வளர்சிதை மாற்றத்தை ஆயுள் முழுக்கத் தீர்மானிக்கிறது."

இந்த ஒரு வாக்கியத்துக்குள் மூணு வாக்கியம் ஒளிஞ்சிருக்கு. முதலில் அதைப் பிரித்துப் போடுவோம்.

ஒன்று: எடை கூடிய தாய்மார்களின் பிள்ளைகளுக்கு எடை, ரத்தச் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் சராசரியாகக் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது.

இரண்டு: அதற்குக் காரணம், அந்தப் பிள்ளை எடை கூடிய ஒரு உடம்புக்குள் ஒன்பது மாதம் இருந்ததுதான்.

மூன்று: ஆகவே கர்ப்பகாலத்தில் தாயின் எடையைக் கட்டுப்படுத்தினால் பிள்ளை தப்பிக்கும்.

முதலாவது உண்மை. நாடு நாடாகப் பார்த்தாச்சு, மறுபடி மறுபடி அதுதான் வருது. சிக்கல் என்னவென்றால், முதலாவதை நிரூபித்துவிட்டு இரண்டாவதையும் மூன்றாவதையும் இலவச இணைப்பாகக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த இரண்டையும் தனித்தனியாகச் சோதித்த ஆய்வுகள் இருக்கின்றன. அவை தலைப்புச் செய்தி ஆவதில்லை. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது.

யோசனை வந்த வழி

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்ற சுகாதார அதிகாரி இருந்தார். 1911இல் தொடங்கி, பிறக்கிற ஒவ்வொரு குழந்தையின் எடையையும், ஒரு வயதில் அதன் எடையையும் பேரேட்டில் எழுத ஏற்பாடு செய்தார். பல பத்தாண்டுகள் கழித்து டேவிட் பார்க்கர் என்ற மருத்துவ ஆய்வாளர் கையில் அந்தப் பேரேடுகள் கிடைத்தன. 1911 முதல் 1930 வரை பிறந்த 5,654 ஆண்களைத் தேடிப் பார்த்தார். குழந்தைப் பருவத்தில் எடை குறைவாக இருந்தவர்கள் பின்னாளில் இதய நோயால் அதிகம் இறந்திருந்தார்கள். 1989இல் 'லான்செட்' இதழில் அந்தக் கட்டுரை வந்தது.

கவனிங்க, ஆரம்பத்தில் பேச்சு முழுக்கக் *குறைந்த* எடையைப் பற்றித்தான். கருவில் பட்டினி கிடந்த உடம்பு சிக்கனமாக வாழப் பழகிக்கொள்கிறது, பிறகு சாப்பாடு தாராளமாகக் கிடைத்தால் திணறுகிறது என்பது வாதம். 1992இல் ஹேல்ஸும் பார்க்கரும் இதைச் 'சிக்கன உடலமைப்பு' என்ற கருதுகோளாக எழுதினார்கள். பிறகு பணக்கார நாடுகளில் உடல்பருமன் பெருகியதும் அதே யோசனையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார்கள்: கருவில் அதிகமாக ஊட்டம் கிடைத்தாலும் கெடுதல். எடை குறைந்தாலும் அம்மாதான் காரணம், கூடினாலும் அம்மாதான் காரணம்!

கேலியை ஒதுக்கி வைப்போம். இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிற விஷயங்கள் உடலியலில் நிறைய உண்டு. ஆகவே யோசனை முட்டாள்தனமானதல்ல. சோதிக்க வேண்டிய யோசனை, அவ்வளவுதான். எப்படிச் சோதிப்பது?

அப்பாவையும் தராசில் ஏற்றினால்

தாய் பிள்ளைக்கு மூன்று விஷயங்களைத் தருகிறாள். பாதி மரபணு. ஒன்பது மாதக் கருப்பை. பிறந்த பிறகு ஒரு வீடு, அந்த வீட்டுச் சமையல், தூக்கம், நடை, வருமானம். தாயும் பிள்ளையும் ஒரே மாதிரி எடை கூடியிருந்தால், அது இந்த மூன்றில் எதன் வழியாக வந்தது? தாயை மட்டும் அளந்தால் இதற்குப் பதிலே கிடையாது. எத்தனை ஆயிரம் பேரை அளந்தாலும் கிடையாது.

ஆனால் அப்பா இருக்கிறார். அவரும் பாதி மரபணு தருகிறார், அதே வீட்டில் இருக்கிறார். அவரிடம் இல்லாதது கருப்பை ஒன்றுதான். ஆக, கருப்பைதான் விஷயம் என்றால் அம்மாவின் எடைக்கும் பிள்ளைக்கும் உள்ள தொடர்பு, அப்பாவின் எடைக்கும் பிள்ளைக்கும் உள்ளதைவிட நன்றாகவே வலுவாக இருக்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், மரபணுவும் வீடும்தான் பெரும்பங்கு. எவ்வளவு எளிமையான யோசனை பாருங்க. பலசரக்குக் கடைக்காரர் தராசைச் சரிபார்க்கிற மாதிரிதான்.

இதைப் பெரிய அளவில் செய்தவர் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் டெபோரா லாலர். 1991, 92இல் கர்ப்பமாக இருந்த சுமார் 14,000 பெண்களையும் அவர்களின் பிள்ளைகளையும் பின்தொடர்ந்து வரும் ஆய்வு பிரிஸ்டலில் இருக்கிறது. அதை வைத்து 2008இல் அவர் குழு எழுதிய கட்டுரையின் முடிவு: அம்மாவின் பங்கு அப்பாவின் பங்கைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் உடல்பருமன் பெருக்கத்துக்கு அதுதான் காரணம் என்று சொல்கிற அளவுக்கு இல்லை.

அது எடை, கொழுப்புத் திணிவு பற்றிய கணக்கு. "சரிங்க, எடை வேற, வளர்சிதை மாற்றம் வேற. ரத்தத்துக்குள்ள பார்த்தீங்களா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2017இல் 'பிளாஸ் மெடிசின்' இதழில் வந்த கட்டுரை அதைத்தான் செய்தது. பிரிஸ்டல் ஆய்வோடு வடக்கு ஃபின்லாந்தின் இரண்டு பிறப்பு ஆய்வுகளையும் சேர்த்து, அம்மா, அப்பா, பிள்ளை என்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மூவர் தொகுதிகளை எடுத்தார்கள். பிள்ளைகளின் ரத்தம் எடுக்கப்பட்ட வயது, ஆய்வைப் பொறுத்து 16, 17, 31. கொழுப்புப் புரதங்கள், கொழுப்பு அமிலங்கள், அமினோ அமிலங்கள், அழற்சிக் குறியீடுகள் என்று நூற்றுக்கும் மேற்பட்ட அளவுகள்.

முடிவு என்ன? கர்ப்பத்துக்கு முன் அம்மாவின் பிஎம்ஐ கூடக் கூட, பிள்ளையின் ரத்த அளவுகள் மோசமாகிற திசையில் நகர்ந்தன. அப்பாவின் பிஎம்ஐ கூடக் கூடவும் அதே திசையில், ஏறக்குறைய அதே அளவுக்கு நகர்ந்தன. பிள்ளையின் சொந்த பிஎம்ஐயைக் கணக்கில் சேர்த்ததும் இரண்டு தொடர்புகளும் பெருமளவு கரைந்தன. அதாவது, பெற்றோரின் எடை பிள்ளையின் எடையோடு சேர்ந்து போகிறது, பிள்ளையின் எடை அதன் ரத்தத்தோடு சேர்ந்து போகிறது. கருப்பைக்குள் நிரந்தரமாக எழுதப்பட்ட ரகசியக் கட்டளை எதுவும் தென்படவில்லை.

இதே ஆய்வில் அப்பாக்களை அளக்காமல் விட்டிருந்தால் என்ன தலைப்பு வந்திருக்கும்? "தாயின் எடை பிள்ளையின் ரத்தத்தில் தெரிகிறது!" எண்கள் எல்லாம் சரியாகவே இருந்திருக்கும். அர்த்தம் மட்டும் தப்பாகியிருக்கும்.

ஒரே தாயின் இரண்டு பிள்ளைகள்

இன்னொரு வழி, உடன்பிறப்புகளை ஒப்பிடுவது. ஒரே அம்மா ஒரு கர்ப்பத்தில் குறைவாகவும் இன்னொன்றில் கூடுதலாகவும் எடை ஏறியிருப்பார். மரபணுப் பின்னணியும் வீடும் பெருமளவு பொதுவானவை.

அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் 42,133 தாய்மார்களின் 91,045 பிள்ளைகளை வைத்து 2013இல் இப்படி ஒரு கணக்குப் போட்டார்கள். கர்ப்பத்தில் ஏறிய ஒவ்வொரு கூடுதல் கிலோவுக்கும், சுமார் 12 வயதில் பிள்ளையின் பிஎம்ஐ 0.022 கூடியிருந்தது. நம் புழக்கத்துக்கு மாற்றிப் பார்ப்போம். அக்காவைச் சுமந்தபோது ஏறியதைவிடத் தம்பியைச் சுமந்தபோது 10 கிலோ கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மீட்டர் உயரமுள்ள 12 வயதுப் பிள்ளைக்கு அது சுமார் அரை கிலோ வித்தியாசம். பூஜ்யம் இல்லை. மக்கள்தொகை அளவில் பேச வேண்டிய எண்தான். ஆனால் ஒரு குடும்பத்தில், தீபாவளிப் பலகார வாரத்தில் ஏறி இறங்குகிற அளவு.

உடல்பருமனுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட தாய்மார்களின் பிள்ளைகளைப் பற்றிய கனடா ஆய்வு (2009) ஒன்றை இந்தப் பக்கம் பேசுபவர்கள் தவறாமல் காட்டுவார்கள். 49 தாய்மார்கள், 111 பிள்ளைகள். சிகிச்சைக்கு முன் பிறந்தவர்களில் 35 சதவீதம் பேருக்குக் கடுமையான உடல்பருமன், பின் பிறந்தவர்களில் 11 சதவீதம். அசத்தலான எண். ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாறியது அந்த அம்மாவின் உடம்பு மட்டுமா? அவர் தட்டும் மாறியது, அந்த வீட்டு அடுப்பும் மாறியிருக்கும். பிறகு ஸ்வீடனில் இதே மாதிரி உடன்பிறப்புகளை ஒப்பிட்டபோது, பின்னால் பிறந்தவர்களிடம் உடல்பருமன் குறைந்திருக்கவில்லை. முதல் ஆய்வு நூறு இடங்களில் மேற்கோள் காட்டப்படும்போது இரண்டாவதையும் பக்கத்தில் வைப்பதுதான் நேர்மை.

மரபணு என்னும் குலுக்கல்

மூன்றாவது வழி கொஞ்சம் நுட்பமானது. எடையைச் சற்றுக் கூட்டும் மரபணு வடிவங்கள் யாருக்கு வரும் என்பது பிறப்பிலேயே நடக்கும் ஒரு குலுக்கல். வசதி, படிப்பு, பழக்கம் எதுவும் அந்தக் குலுக்கலை மாற்றாது. அப்படி எடை கூடும் வாய்ப்பு விழுந்த தாய்மார்களின் பிள்ளைகள், பிள்ளைக்கே வந்து சேர்ந்த மரபணுவின் பங்கைக் கழித்த பிறகும் வித்தியாசமாக இருந்தால், அது தாயின் உடம்பு வழியாக வந்தது என்று சொல்லலாம்.

2016இல் இந்த முறையில் முப்பதாயிரம் தாய்மார்களைப் பார்த்தார்கள். தாயின் பிஎம்ஐ சுமார் 4 அலகு கூடினால் பிறந்த குழந்தையின் எடை சுமார் 55 கிராம் கூடுகிறது. இது தொடர்பு மட்டும் இல்லை, காரணம் என்றே சொல்லலாம். ஆகப் பிறக்கும் நாள் வரை தாயின் எடைக்குக் கை உண்டு. அதற்கப்புறம்? 2022இல் பிரிஸ்டல், பிராட்ஃபோர்ட் ஆய்வுகளை வைத்து அதே முறையில் பிள்ளைகளைப் பதின்பருவம் வரை தொடர்ந்து பார்த்தார்கள். அடுத்த தலைமுறையின் கொழுப்புத் திணிவுக்குத் தாயின் கர்ப்பகால எடை முக்கியக் காரணி அல்ல என்பதே அவர்கள் முடிவு.

செய்து பார்த்தாச்சு

மூன்றாவது வாக்கியத்துக்கு வருவோம்: கர்ப்பத்தில் தலையிட்டால் பிள்ளை தப்பிக்குமா? ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் எடை கூடிய 2,212 கர்ப்பிணிகளைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு உணவு, நடை பற்றித் தொடர்ந்து ஆலோசனை தந்தார்கள். வயதுக்கு மீறிப் பெரிதாகப் பிறந்த குழந்தைகள் ஒரு பிரிவில் 19 சதவீதம், இன்னொன்றில் 21. சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. மூன்று முதல் ஐந்து வயதில் பிள்ளைகளை மறுபடி அளந்தபோதும் வித்தியாசமில்லை. பிரிட்டனில் பிஎம்ஐ 30க்கு மேலுள்ள 1,555 பெண்களிடம் நடந்த சோதனையிலும் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் குறையவில்லை, பெரிய குழந்தைகளும் குறையவில்லை.

இதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் பதில்: தலையீடு தொடங்கியதே நாலாவது மாதம், ரொம்ப லேட்டு. கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கணும். இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லும்போது, "கர்ப்பகாலத்தில் வாயைக் கட்டு" என்று கிளினிக்கில் நிற்கும் பெண்ணை மிரட்டுவதையும் நிறுத்த வேண்டுமில்லையா?

எலி ஆய்வுகளையும் காட்டுவார்கள். அவற்றை நான் ஒதுக்கவில்லை. கொழுப்பும் சர்க்கரையும் கொட்டிக் கொடுத்து வளர்த்த பெண் எலிகளின் குட்டிகள் அதிகம் தின்கின்றன, கொழுக்கின்றன, இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. வழிமுறை சாத்தியம் என்று அது காட்டுகிறது. ஆனால் எலி மூன்று வாரத்தில் குட்டி போடுகிறது. மனிதக் கருவுக்குள் நடந்து முடிகிற வளர்ச்சியில் பெரும்பகுதி எலிக்குப் பிறந்த பிறகுதான் நடக்கிறது. சாத்தியம் என்பது வேறு, மனிதக் குடும்பத்தில் அது எவ்வளவு பெரிது என்பது வேறு.

கருப்பை நிஜமாகவே பேசும் இடம்

இதுவரை படித்துவிட்டு, "அப்போ கர்ப்பத்தில் எதுவுமே விஷயமில்லை, எல்லாம் சும்மா" என்று முடிவு கட்டிடாதீங்க. மேலே சொன்ன அதே கடுமையான முறைகளில் சோதித்தும் நிமிர்ந்து நிற்கிற ஒன்று இருக்கிறது: தாயின் ரத்தச் சர்க்கரை.

அமெரிக்காவின் அரிசோனாவில், ஆய்வுகளில் பிமா என்று குறிப்பிடப்படும் பூர்வகுடி மக்களிடம் 1988இல் வெளியான கணக்கைப் பாருங்கள். 20 முதல் 24 வயதுக்குள் சர்க்கரை நோய் வந்தவர்கள்: நோயே இல்லாத தாய்மார்களின் பிள்ளைகளில் 1.4 சதவீதம். பிள்ளை பிறந்து பல காலம் கழித்து நோய் வந்த தாய்மார்களின் பிள்ளைகளில் 8.6. கர்ப்பத்தின்போதே நோய் இருந்த தாய்மார்களின் பிள்ளைகளில் 45. நடுவிலுள்ள எண்ணைக் கவனிங்க. அது பெருமளவு மரபணுவும் வீடும் தந்தது. 8.6க்கும் 45க்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் கருப்பை பேசுகிறது.

2000இல் அதே மக்களிடம் உடன்பிறப்புகளை ஒப்பிட்டார்கள். தாய்க்கு நோய் வந்த பிறகு பிறந்தவருக்கு, முன்பே பிறந்த அண்ணன் அக்காவைவிட நோய்க்கான சாய்வு 3.7 மடங்கு. பிஎம்ஐயும் 2.6 கூடுதல். அப்பாவுக்கு நோய் வருவதற்கு முன்னும் பின்னும் பிறந்த பிள்ளைகளிடம் அப்படி ஒரு வித்தியாசம் இல்லை. அப்பாவை அளந்தார்கள், உடன்பிறப்புகளை ஒப்பிட்டார்கள், அப்புறமும் முடிவு நிற்கிறது. ஆதாரம் என்றால் இப்படி இருக்கணும்.

நம்ம ஊருக்கு எடை சரியான அளவுகோலா?

இங்கே தமிழ்நாட்டுக்கு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பதைச் சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவின் முயற்சியால் தமிழக அரசு 2007இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பது. 140ஐத் தொட்டால் கவனிப்பு. ஒல்லியாக இருந்தாலும் சரி, குண்டாக இருந்தாலும் சரி, எல்லோருக்கும் ஒரே சோதனை. அதுதான் இதன் சிறப்பு. தராசை மட்டும் நம்பியிருந்தால் ஒல்லியான பெண்களைத் தவறவிட்டிருப்போம்.

தராசு நம் உடம்பைப் பற்றிச் சொல்வது கொஞ்சம்தான். புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனின் ஜான் யட்கினும் சேர்ந்து எடுத்த புகைப்படம் ஒன்று 2004இல் லான்செட்டில் வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடம்பிலுள்ள கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2! யாக்னிக் குழு புனே அருகிலுள்ள கிராமங்களில் பார்த்த தாய்மார்களின் சராசரி பிஎம்ஐ சுமார் 18தான். பிறந்த குழந்தைகளின் எடை சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5. எலும்பும் தசையும் குறைந்திருந்த அந்தக் குழந்தைகளுக்குத் தோலுக்கடியிலுள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. இப்படிப்பட்ட ஊரில் "எடை கூடிய அம்மா" என்கிற கதையை அப்படியே இறக்குமதி செய்தால் பாதிப் பிரச்சினை கண்ணில் படாது.

மும்பைக் குடிசைப்பகுதிகளில் நடந்த ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. கருவுறுவதற்கு முன்பிருந்தே பெண்களுக்குத் தினம் ஒரு பலகாரம். ஒரு பிரிவுக்குக் கீரை, பழம், பால் சேர்த்தது, இன்னொரு பிரிவுக்கு ஊட்டம் குறைந்த காய் வகைகளில் செய்தது. குழந்தையின் பிறப்பு எடையில் மொத்தமாகப் பார்த்தால் தெளிவான மாற்றமில்லை. ஆனால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் 12.4 சதவீதத்திலிருந்து 7.3 ஆனது. யாரையும் எடை குறைக்கச் சொல்லவில்லை, யாரையும் திட்டவில்லை. தட்டில் நல்ல பொருளை வைத்தார்கள்.

ஏன் இவ்வளவு பேசுகிறேன்

ஐந்தாவது மாதத்தில் செக்கப்புக்குப் போகும் பெண்ணுக்கு வீட்டில், "ரெண்டு உசுருக்கும் சேர்த்துச் சாப்பிடும்மா" என்று அறிவுரை. ஆஸ்பத்திரியில், "என்னம்மா இவ்ளோ வெயிட் ஏத்தியிருக்கே? புள்ளைக்குத்தான் கஷ்டம்" என்று இன்னொரு அறிவுரை. இரண்டுக்கும் நடுவில், பதினைந்து வருடம் கழித்துத் தன் பிள்ளைக்கு வரப்போகும் எதற்கும் தானே பொறுப்பு என்கிற பயத்தோடு அவர் வீடு திரும்புகிறார். பக்கத்தில் டோக்கன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கணவரிடம், "நீங்க எவ்வளவு சார் வெயிட்?" என்று யாரும் கேட்பதில்லை. அறிவியல் வரலாற்றாளர் சாரா ரிச்சர்ட்சனும் சக ஆய்வாளர்களும் 2014இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையின் சாரமும் இதுதான்: தாய்மார்களைப் பழிக்காதீர்கள்.

எடை கூடிய நிலையில் கர்ப்பம் என்றால் ரத்த அழுத்தம், சர்க்கரை, சிசேரியன் ஆகியவற்றின் அபாயம் கூடுகிறது. அது நிஜம். அதற்காக மருத்துவர் எடையைக் கவனிப்பது நியாயம். அந்தப் பெண்ணின் உடம்புக்காக, அவரிடமே மரியாதையாகச் சொல்லலாமே? இன்னும் பிறக்காத பிள்ளையின் நாற்பது வயது ரத்தப் பரிசோதனையைக் காட்டி மிரட்டத் தேவையில்லை. மிரண்டவர் அடுத்த செக்கப்பைத் தள்ளிப்போட்டால், நிஜமாகவே உதவுகிற அந்த குளுக்கோஸ் சோதனையும் அதோடு தள்ளிப்போகும்.

அடுத்த முறை இப்படி ஒரு தலைப்பு கண்ணில் பட்டால் மூணே மூணு கேள்வி கேளுங்க. அப்பாவை அளந்தாங்களா? உடன்பிறப்புகளை ஒப்பிட்டாங்களா? தலையிட்டுச் சோதித்துப் பார்த்தாங்களா? மூன்றுக்கும் "இல்லை" என்றால், அந்தச் செய்தியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், அதுவும் வீட்டில் ஒரு மாசமான பெண் இருக்கும்போது, ஃபார்வர்டு செய்யாம விட்டுடுங்க.